அக்காவின் உயரம்

அன்று எங்கள் தீவு மருந்தகத்தில் இருந்தவர்களையும் அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஜன்னலோரம், கை வைத்த ஒரே நாற்காலியில் என் நாத்தனார் கலோலைனே; அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்கு எதிரே, மேசைக்குப் பின்னால், தலைநகரிலிருந்து படகில் வந்திருந்த நர்ஸ் வேய்சினியா. எடை பார்க்கும் கருவி அவள் காலடியில் இருந்தது. சுவரோர பெஞ்சில் மீன் பிடிக்கிற தௌஃபா; இடுப்பு எலும்புக்காக வந்தவர். அவருக்குப் பக்கத்தில் போதகரின் மனைவி மேலேனைத்தே. அவருக்கு எந்த எலும்பிலும் குறை இல்லை, யார் யார் தேறுகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார். வாசலை ஒட்டிப் போட்ட பாயில் நான். வெளியே படியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கணவர் ஃபேலெட்டி.

மருந்தகமே ஃபேலெட்டியின் பொறுப்பில்தான் இருந்தது. தீவுக்கு டாக்டர் கிடையாது, அவர்தான் எல்லாம். முறைப்படி மேசைக்குப் பின்னால் நர்ஸின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே அவருடைய அக்கா இருந்தார், அக்காவின் உடம்பைப் பற்றிப் பேச்சு நடக்கப்போகிறது. அப்படியிருக்கும்போது எந்தத் தம்பி உள்ளே உட்காருவான்? மீசை அரும்பிய வயதிலிருந்து அவர் அக்காவுடன் ஒரே கூரையின் கீழ் தூங்கியதில்லை. அக்கா நடந்து வந்தால் இவர் பாதையை விட்டு இறங்கி நிற்பார், பார்வை மண்ணில் இருக்கும். அக்காவின் தலையில் கை படுவதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார். எங்களிடம் அக்கா என்றால் தம்பி குடும்பத்துக்கே தலைமை. என் பிள்ளைகளுக்கு அத்தைதான் முதல், அப்பா பிறகுதான்.

அந்த அத்தைக்கு வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. எலும்போடு எலும்பு உரசுகிறது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். கோவிலே அதிரும்படி அறுபது பேரைப் பாட வைக்கிறவர், ஒரு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஆட்டினால் முன்வரிசை மட்டும்தான் பாடும், பின்வரிசை பேசிக்கொண்டிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. அவர் வீட்டுக்கு நாலே படிதான், அந்த நாலு படியை இறங்க என் பெரிய மகள் போய்த் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளைத் தாங்க வேண்டிய அத்தையைப் பிள்ளைகள் தாங்குவதில் அவருக்கு உள்ளூர அவமானம். சொல்ல மாட்டார். அவள் போனதும் மெதுவாகக் கதவைச் சாத்துவார், அதில் தெரியும்.

ஜூலையில் வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் வந்து தலைநகரில் இரண்டு வாரம் தங்கி மூட்டு மாற்றுவார்கள் என்று ஜனவரியில் செய்தி வந்தது. பணம் வேண்டாம், படகுக் கூலி மட்டும்தான். மறுபடி எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பிஎம்ஐ என்கிற எடை-உயரக் கணக்கு நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து, தையல் ஆறாமல் சீழ் வைப்பதும் அதிகம் என்று எழுதியிருந்தது.

ஃபேலெட்டி தீவில் மூட்டு வலி உள்ளவர்கள் எல்லாருடைய எடையையும் உயரத்தையும் அனுப்பினார். அக்காவின் எடையைத் திரைக்குப் பின்னால் நான் பார்த்துச் சொன்னேன், நூற்றுப் பத்தொன்பது கிலோ. உயரத்தை என்னிடம் கேட்கவில்லை, அவரே எழுதினார். ஒரு மீட்டர் அறுபத்தொன்று. பிஎம்ஐ கிட்டத்தட்ட நாற்பத்தாறு என்று பதில் வந்தது. எடையை நூற்று மூன்றுக்குக் கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம், ஜூனில் ஒரு நர்ஸ் நேரில் வந்து பார்ப்பாளாம்.

இதை அக்காவிடம் தம்பி சொல்ல முடியாது. என்னை அனுப்பினார். நான் போய்ச் சொன்னேன். கலோலைனே விசிறியைக் கீழே வைத்தார்.

“பதினாறு கிலோவா?”

“ஆமாம் அண்ணி.”

“ஒரு பன்னிக்குட்டி எடைடி அது.”

“பன்னிக்குட்டிகளால வந்ததுதானே அண்ணி.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனால் அவர் குலுங்கிச் சிரித்தார்.

சிரிப்போடு முடிகிற காரியம் இல்லை அது. எங்கள் வழக்கம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்குள் மூடிவைத்த குழி அடுப்பைத் திறந்ததும் முதல் தட்டு அக்கா வீட்டுக்குப் போகும். பெரிய கிழங்கு, பன்றியின் கொழுத்த முதுகு, தேங்காய்ப்பாலில் ஆட்டு விலாவை வைத்துச் சேப்ப இலையில் கட்டி வேகவைத்த பொட்டலம், எல்லாம் அந்தத் தட்டில் இருக்க வேண்டும். அவருக்குத் தம்பிகள் மூன்று பேர், ஆகவே மூன்று தட்டு. தட்டு சிறுத்தால் மரியாதை சிறுத்தது என்று அர்த்தம். போன வருடம் ஒரு வீட்டில் ஆட்டு விலாவுக்குப் பதில் கோழி அனுப்பினார்கள் என்று ஊரே ஒரு மாதம் பேசியது. இந்த நிலையில் அக்காவுக்கு உணவைக் குறைக்கலாம் என்று நான் ஃபேலெட்டியிடம் சொன்னபோது, அக்காவையே வீட்டை விட்டுப் போகச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் உப்பைக் குறை, கொழுப்பைக் குறை என்று சொல்லித் திரிகிற மனிதர்தான் அவர்.

வழியை அண்ணியே சொன்னார். மூன்று தம்பி மனைவிகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அனுப்புறதை நிறுத்தாதீங்க. நிறுத்தினா என் தம்பிங்க தலை குனிஞ்சு போயிடும். அனுப்புறதை மாத்துங்க. பெரிய தட்டு, பெரிய இலை, மூடி வெச்சு ஊர் பார்க்கக் கொண்டுவாங்க. உள்ளே மீனும் கீரையும் இருக்கட்டும்.”

அப்படியே செய்தோம். என் மகள் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவில் போவாள், வழியில் நிற்பவர்கள் தலையசைப்பார்கள், தட்டில் சுட்ட மீனும் பப்பாளியும் வேகவைத்த சேப்ப இலையும் இருக்கும். யாராவது அறியாமல் பன்றி அனுப்பிவிட்டால் அண்ணி அதைக் கட்டைக்குரல் பாடும் பையன்களுக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஆறு மாதத்தில் கட்டைக்குரல் வரிசைதான் பெருத்தது. டின் இறைச்சி அவர் வீட்டு அலமாரியிலிருந்து போனது. சாயங்காலம் நீர் ஏறும் நேரத்தில் நாங்கள் இருவரும் கடலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் கரையோடு நடந்தோம். மண்ணில் நடக்க முடியாதவருக்குத் தண்ணீரில் முடிந்தது. உடம்பின் கனத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது என்று சொல்வார். சில நாள் அழுதிருக்கிறார். முகமெல்லாம் உப்புத் தண்ணீராக இருந்ததால் நான் கவனிக்காததுபோல நடந்திருக்கிறேன்.

இனி அந்த ஜூன் மாதக் காலைக்கு வருகிறேன்.

முதலில் தௌஃபாவை ஏற்றினாள் நர்ஸ். அறுபது கிலோ. உயரத்தை ஃபேலெட்டி அனுப்பியதிலிருந்து எடுத்துக்கொண்டாள். வளர்ந்த ஆளுக்கு உயரம் மாறாது, எடைதான் மாறும் என்று சொன்னாள். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுத்தாள். இருபது வந்தது. பதினெட்டரையிலிருந்து இருபத்தைந்து வரை பொருத்தமான எடை, அதற்குள் இருக்கிறீர்கள் என்றாள்.

தௌஃபா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “இத்தனை வருஷமா என் பெண்டாட்டி என்னைக் காஞ்ச கருவாடுன்னு சொல்றா. பொருத்தமான ஆளுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா.”

பிறகு அண்ணியின் முறை. எங்கள் வழக்கப்படி உடைக்கு மேல் மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பின்னல் பாயை நான் அவிழ்த்து வாங்கிக்கொண்டேன். அவர் ஏறி நின்றார். நர்ஸ் குனிந்து எண்ணைப் படித்தாள், நூற்று ஒன்பது. பத்து கிலோ இறக்கியிருந்தார். மேலேனைத்தே வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னார். அண்ணி போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் கணக்குப் போட்டாள், இரண்டு தடவை போட்டாள்.

“நாப்பத்திரண்டு வருதும்மா,” என்றாள்.

வெளியே படியில் ஃபேலெட்டியின் முதுகு அசையவில்லை.

வேய்சினியா நல்ல பெண். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தாள். எடை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதே நூற்று ஒன்பது கிலோ உயரமான ஆள் மேல் பரவி நிற்கும், குட்டையான ஆள் மேல் குவிந்து நிற்கும், அதனால்தான் உயரத்தால் வகுக்கிறோம் என்று விளக்கினாள். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது, ஆகவே பத்துக் கிலோ குறைத்தது எந்தக் கணக்கிலும் வீண் இல்லை என்றாள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கியிருப்பதைக் காட்டினாள்.

“அப்ப எனக்குப் பொருத்தமான எடைதான் எவ்வளவு? தௌஃபா மாதிரி ஆகறதுக்கு?” என்று அண்ணி கேட்டார்.

நர்ஸ் கணக்குப் போட்டு, அறுபத்தைந்துக்குள் என்றாள்.

மேலேனைத்தே விசிறுவதை நிறுத்திவிட்டார்.

“அறுபத்தஞ்சுல என்னைத் தெருவுல பார்த்தா பெட்டி செய்ய மரம் தேடுவாங்க,” என்றார் அண்ணி.

நர்ஸும் சிரித்தாள். அந்த அட்டவணை உலகம் முழுவதற்கும் போட்டது, நம் ஜனங்களுக்குச் சதையும் எலும்பும் கனம், அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஆளை எடை போடக் கூடாது, இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாள். யாரும் அறுபத்தைந்துக்குப் போகச் சொல்லவில்லை, இறங்கிய வழியிலேயே மெல்ல இறங்கினால் போதும் என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “ஆனா இந்த நாப்பது நான் போட்ட கோடு இல்லைம்மா. கத்தி வைக்கிறவங்க போட்டது. எனக்கு மாத்த அதிகாரம் இல்லை.”

“உன் மேல என்னம்மா தப்பு? வந்ததே பெருசு. அலையில அவ்வளவு தூரம்,” என்றார் அண்ணி. என் தோளுக்காகக் கையை நீட்டினார். நான் போய்க் கொடுத்தேன், எழுந்தார். வழியனுப்ப நர்ஸும் எழுந்து அவரிடம் வந்தாள். எங்கள் முறைப்படி கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.

வைத்தவள் விலகாமல் அப்படியே நின்றாள். குனியவும் இல்லை, எம்பவும் இல்லை, அண்ணியின் கன்னம் அவள் கன்னத்துக்கு நேராக இருந்தது.

“அம்மா, நான் பள்ளிக்கூடத்துல நெட்பால் ஆடினவ, டீமுல அளந்திருக்காங்க. என் உயரம் ஒரு மீட்டர் அறுபத்தெட்டு. நீங்க எப்படி அறுபத்தொண்ணு?”

அண்ணிக்கே தன் உயரம் தெரியாது. வளர்ந்த பிறகு அவரை யாரும் அளந்ததில்லை. நர்ஸ் வாசலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

“ஐயா, கொஞ்சம் உள்ளே வாங்க. இவங்களை எப்ப அளந்தீங்க? இங்க வந்து அந்த அளவுகோல் கட்டையைத் தலையில வெச்சுப் பிடிங்க, நான் படிக்கிறேன்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். தௌஃபா தன் செருப்பை ஆராய்ந்தார். படியில் ஃபேலெட்டி எழுந்து நின்றார், திரும்பவில்லை. காது வரை சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி கல்யாணமாகி வேறு குடும்பப் பெயருக்குப் போனவர், இருவருக்கும் என்ன உறவு என்று அவளுக்கு எந்தக் காகிதமும் சொல்லியிருக்காது.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அவர் இவங்க தம்பிம்மா.”

வேய்சினியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் எங்கள் நாட்டுப் பெண்தானே, அவளுக்கும் வவாஉ தீவில் அண்ணன்கள் உண்டு. அவர்களில் ஒருவன் தங்கையின் தலையில் கட்டையை வைத்து உயரம் படிப்பதை அவள் நினைத்துப் பார்த்திருப்பாள். அறுபத்தொன்று எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றும் பார்க்காத, நிமிர்ந்தும் பார்க்காத தம்பி குத்துமதிப்பாக எழுதிய எண் அது.

ஃபேலெட்டி படியிறங்கிப் பலா மரத்தடிக்குப் போய்விட்டார். நர்ஸ் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

“கொண்டையை அவிழ்க்கணும்மா,” என்றாள்.

“ஆமாம், கொண்டையையும் சேர்த்து அளந்துடாதே,” என்றார் மேலேனைத்தே. “நாளைக்குக் கர்த்தர் கேட்பார்.”

அண்ணி கொண்டையை அவிழ்த்தார். நரைத்த முடி தோள் வரை விழுந்தது. சுவரில் அடித்திருந்த அளவுகோலில் முதுகை வைத்து நின்றார். தௌஃபாவை வெளியே போகச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை, அவரே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் கட்டையை இறக்கிப் படித்தாள். ஒரு மீட்டர் அறுபத்தைந்து. கணக்குப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைக் கடித்தாள்.

“நாப்பது. சரியா நாப்பதும் இல்லை, ஒரு மயிரிழை மேல.”

நான் அண்ணியின் பக்கத்தில் போய் நின்றேன்.

நர்ஸ் மண்டியிட்டு அண்ணியின் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். “இது மடங்கியிருக்கும்மா. மடக்கிட்டு நின்னா அது உங்க உயரம் இல்லை. குதிகால் சுவர்ல படணும், முழங்கால் நேராகணும். முடியுமா? முடியலைன்னா சொல்லிடுங்க, கட்டாயம் இல்லை.”

அந்த முழங்கால் நேராகி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அண்ணி ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் ஜன்னல் சட்டத்தையும் பிடித்துக்கொண்டார். பாட்டுக்கு முன்னால் குழுவைப் பார்த்து மூச்சை உள்ளே இழுப்பாரே, அப்படி இழுத்தார். என் தோளில் அவர் நகம் பதிந்தது. முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிற்று. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுத் தனியாக நின்றார். நான் என் நாத்தனாரை முழு உயரத்தில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

“அறுபத்தேழு,” என்றாள் நர்ஸ். “உட்காருங்கம்மா, உட்காருங்க, போதும்.” கணக்கை என்னையும் போடச் சொன்னாள், நானும் போட்டேன். முப்பத்தொன்பது வந்தது இருவருக்கும். மேலேனைத்தே தானும் போட வேண்டும் என்றார், அவருக்கு வேறு என்னவோ வந்தது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் பட்டியலில் அண்ணியின் பெயரை எழுதி முடித்த பிறகு இன்னொன்று சொன்னாள். உயரத்தை ஜனவரியிலேயே சரியாக எழுதியிருந்தாலும், அப்போதிருந்த நூற்றுப் பத்தொன்பதுக்குப் பட்டியலில் இடம் கிடைத்திருக்காது. இறக்கிய அந்தப் பத்துக் கிலோதான் இன்று கை கொடுத்தது. கடலில் நடந்த சாயங்காலங்களை நினைத்துக்கொண்டேன்.

அண்ணி கொண்டையை முடிந்துகொண்டார். பாயை இடுப்பில் கட்டிவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“லோசே, உன் புருஷன்கிட்ட போய்ச் சொல்லு. அவன் எழுதின எண்ணு தப்பு. அதுக்கு எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்லு. என்னை ஏற இறங்கப் பார்த்து சரியா எழுதியிருந்தாத்தான் கோபம் வந்திருக்கும்.”

பலா மரத்தடிக்குப் போய் அப்படியே சொன்னேன். அவர் வேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார். சேர்த்துக்கொண்டார்களா என்று மட்டும் கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைக் கைகளுக்குள் வைத்திருந்தார்.

“அம்மா உசரத்தைத்தான் எழுதினேன்,” என்றார். “அம்மாவுக்குப் பெட்டி செஞ்சப்ப எடுத்த அளவு. அக்கா அம்மா மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்களே.”

“அக்கா அம்மாவை விட ஒசத்தி,” என்றேன்.

பிறகு அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு மருந்தக வாசலுக்கு வந்தார். உள்ளே ஏறவில்லை. படிக்குக் கீழே புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்தி, எங்கள் முறைப்படி நர்ஸுக்கு நன்றி சொன்னார். சபையில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். அவளைப் பெற்றவர்களுக்கு, அவள் பிறந்த வவாஉவுக்கு, அவளை ஏற்றி வந்த படகுக்கு, கடலை அடக்கிய ஆண்டவருக்கு என்று வரிசையாகப் போனது. “எங்க வீட்டுத் தலைமையை நிமிர்த்தி வெச்சுட்டே. எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் சின்னது. அதைப் பெருசா நினைச்சு வாங்கிக்கோம்மா,” என்று முடித்தார். நர்ஸ் அழுதுவிட்டாள். அண்ணி திரையை விலக்கி ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காதவர்போல.

சின்னது என்று அவர் சொன்னது நாலு கிழங்கு மூட்டை, இரண்டு பாய், உயிரோடு ஒரு பன்றி. படகுக்காரன் பன்றிக்கும் டிக்கெட் கேட்டான்.

தௌஃபாவும் தேறியிருந்தார். ஜூலையில் இருவரும் ஒரே படகில் போனார்கள், துணைக்கு நான் போனேன். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அண்ணியை மறுபடி எடை பார்த்தார்கள், நூற்று ஏழு. வெட்டி, பழைய மூட்டை எடுத்து, புதியதைப் பொருத்தித் தைத்தார்கள். காயம் சுத்தமாக ஆறியது. மூன்றாம் நாளே நடக்கச் சொன்னார்கள். வலியில் அண்ணி போட்ட சத்தத்துக்கு வார்டில் இருந்த மற்றவர்கள், இவர் பாடகர் குழு நடத்துகிறவர் என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பி ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் எழுந்து நின்றார். நாற்காலியை யாரோ கொண்டு வந்து போட்டிருந்தார்கள், அதைக் காலால் தள்ளிவிட்டார். புதுக்காலால்தான். கையைத் தூக்கியதும் பின்வரிசை பேச்சு சட்டென்று நின்றது. அன்று பாடிய பாட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது என்று மேலேனைத்தே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். கோவிலில் அத்தனை பேரும் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஃபேலெட்டி மட்டும் பாட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார், “நேரா நின்னாங்களா?”

“நேரா.”

“கடைசிப் பாட்டு வரைக்குமா?”

“கடைசி ஆமென் வரைக்கும்.”

பிறகு, அன்றைக்கு என்று தேடிப் பிடித்து வைத்திருந்த பெரிய மீனை அக்கா வீட்டுக்கு நானே கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், பிள்ளையை அனுப்பக் கூடாது என்றார். போனேன்.

மருந்தகத்தில் இப்போது ஒரு மாற்றம். வெள்ளிக்கிழமை காலையில் பெண்களை அளப்பது நான். ஃபேலெட்டிக்குத் தங்கை, அக்கா முறை ஆகிற பெண்கள் இந்தத் தீவில் பாதிப் பேர் இருப்பார்கள், அவர்கள் எல்லாருடைய உயரமும் அவர் குத்துமதிப்பாக எழுதியதுதான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, குதிகாலைச் சுவரில் வைக்கச் சொல்லிக் கட்டையை இறக்குகிறேன். சிலருக்கு அவர் எழுதியதைவிட உயரம் அதிகம், சிலருக்குக் குறைவு. குறைந்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். பிஎம்ஐ கூடி வருகிறவர்களிடம், கலோலைனே அக்கா வாழைத் தோப்பு முனையில் சாயங்காலம் கடலில் இறங்குகிறார், போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்கிறேன். இப்போது ஒரு கூட்டமே இறங்குகிறது. தண்ணீருக்குள்ளேயே பாட்டுப் பயிற்சியும் நடக்கிறது.

போன வாரம் அண்ணி என்னைக் கூப்பிட்டு, வேய்சினியாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். என்ன எழுத என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுது, அழகு சேர்க்காதே என்றார். எழுதினேன். காயம் ஆறியதை, நாலு படியையும் அவர் தனியாக இறங்குவதை, எடை நூற்று ஐந்தில் நிற்பதை, இன்னும் இறக்கப் பார்ப்பதை, தௌஃபா படகில் ஏறிக் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டதை, வெள்ளிக்கிழமை அளவை எல்லாம் எழுதினேன். ஃபேலெட்டி தனியாக இரண்டு வரி எழுதித் தந்தார், அதையும் வைத்தேன். அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். தலையசைத்துக் கேட்டார். கடைசியில் தானே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பேனாவை வாங்கினார்.

‘மகளே, அன்று நீ என்னை நிற்கச் சொன்னாய், உட்கார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில். நன்றி.’

உறையில் போட்டு, பசையை விரலால் தடவி, ஓரம் வரை அழுத்தி ஒட்டினார். படகு துறையில் ஊதியது. மகளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். படி இறங்கி, தெருவில் நடந்து, துறையின் கடைசிப் பலகை வரை போய்க் கடிதத்தைப் படகுக்காரன் கையில் கொடுத்தார்.